இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா?

ஒக்ரோபர் 3, செவ்வாய்

இன்றைக்கு விடிய இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கதவு தட்டுப்பட்டபோது நான் சமையலறையில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டு நின்றேன். இந்த அகதிகள் காம்பில் மாடிக்கு ஒரு சமையலறைதான். எல்லோரும் எழும்பினால் அடுப்புக் கிடைக்காது. அதனால் நான் எப்போதும் முந்திவிடுவேன். எங்கள் அறைக்கு ஓடிவந்தேன். இரண்டு ஆண் பொலிஸ், ஒரு பெண் பொலிஸ். மரியாதையாகத்தான் நடந்தார்கள். பெண் பொலிஸ் என்னைக் கதிரையில் இருத்தி ஒரு கிளாசில் தண்ணி தந்தா.

இவர் சுவரோடு ஒட்டி நின்றார். ஒரு பொலிஸ்காரன் பின்பக்கத்தால் வந்து தோளில் கை வைத்தான். அவ்வளவுதான். இவர் அப்படியே நிலத்தில் குந்தி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். பொலிஸ்காரனே பயந்துபோனான். வெறுங்கையை விரித்துக் காட்டி, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று ஜேர்மன் பாஷையில், டொச்சில், சொல்லிக்கொண்டு நின்றான்.

மன்னாரில் தனியாளாக வள்ளத்தைக் கரைக்கு இழுத்த என் புருசன். குந்தியிருந்ததைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்காகத்தான் வெட்கம்.

ஒரு கடிதம் தந்தார்கள். நவம்பர் 7 கொழும்புக்கு விமானம், இரண்டு பேருக்கும். இவர் அதுவரை தடுப்பு நிலையத்தில். நான் அன்றைக்குப் பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போகவேண்டும். நான் ஓடிவிட மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தண்ணி வற்றிக் கேத்தல் கருகிவிட்டது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

ஒக்ரோபர் 4, புதன்

பக்கத்து அறை எரித்திரேயாக்காரி செலாம் ஒரு லோயரின் விலாசம் தந்தாள். அவளுடைய தமையனின் கேஸைப் பார்த்தவவாம். "நல்லவ. கோபக்காரி," என்றாள் டொச்சில். பிறகு தன் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது.

ஒக்ரோபர் 6, வெள்ளி

லோயரின் பெயர் றெகுலா. ஒபிஸ் ஒரு சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே. ஐம்பது வயது இருக்கும். எங்கள் கோப்பைப் படித்துக்கொண்டே பச்சைக் கரட்டைக் கடித்துச் சாப்பிட்டா.

மொழிபெயர்க்க ஒரு ஐயா வந்திருந்தார். பரமலிங்கம். வட்டுக்கோட்டை ஆள், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு கதை தெரிந்தால் சூரிச் கோயில் திருவிழா வரைக்கும் போகும். ஐயாவுக்கு என் முகத்தில் விளங்கியிருக்கவேண்டும்.

"பிள்ளை, இஞ்ச கேக்கிறதை நான் என்ர மனிசிக்கும் சொல்லுறேல்லை. சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைச்சனான். இருங்கோ."

றெகுலா முதலிலிருந்து கேட்டா. சொன்னேன். எங்கள் கலியாணத்துக்கு முதல் வருடம், மன்னாரில், விடிய வலை இழுத்துக் கரைக்கு வந்தவரைச் சிவில் உடுப்புப் போட்டவர்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரையோ வள்ளத்தில் இந்தியாவுக்குக் கடத்திவிட்டார் என்று சந்தேகம். நாலு மாதம் எங்கே என்று என் மாமிக்கு, இவருடைய தாய்க்கு, தெரியாது. பிறகு ஒருநாள் ஒரு கோயில் வாசலில் இறக்கிவிட்டிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முதல் அதே ஆட்கள் திரும்பவும் தேடி வந்தார்கள். அப்போதுதான் இங்கே ஓடி வந்தோம்.

"உள்ளே என்ன செய்தார்கள்?" என்று கேட்டா.

"அடிச்சவங்கள் எண்டு சொன்னவர்."

"அதைத்தான் இங்கேயும் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு வசனம்." கோப்பைத் திருப்பிக் காட்டினா. விசாரணை எழுதிய தாளின் கடைசிக் கேள்வி: இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா? பதில்: இல்லை. அதை வைத்துத்தான் நிராகரித்திருக்கிறார்களாம். பொதுவாகச் சொல்கிறார், விபரம் இல்லை, நம்ப முடியவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது.

"அண்டைக்கு யார் மொழிபெயர்த்தது?"

"ஒரு அம்மா. எங்கட மாமி வயசு இருக்கும்."

றெகுலா கரட்டை மேசையில் வைத்துவிட்டா. பிறகு அதைச் சாப்பிடவில்லை.

ஒக்ரோபர் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. போனால் எல்லோரும் இவர் எங்கே என்று கேட்பார்கள்.

மாமி மன்னாரிலிருந்து ரெலிபோன் எடுத்தா. பாதி நேரம் அழுகை. பிறகு, "உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தா உவங்கள் இப்பிடித் திருப்பி அனுப்புவாங்களே," என்றா. "உன்ர வயித்துக் கட்டி இப்ப எப்பிடியிருக்கு? அங்கத்த டொக்ரர்மார் என்ன சொல்லினம்?"

குறைவு என்று சொன்னேன். மாமி கெட்ட மனிசி இல்லை. கேட்காமல் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். வைத்துவிட்டு ஒரு கிலோ வெங்காயம் உரித்தேன். இப்போது தேவையில்லாத வெங்காயம்.

ஒக்ரோபர் 10, செவ்வாய்

தடுப்பு நிலையத்துக்குப் போனேன். ரெயினில் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ். மீன் பொரித்துக் கொண்டுபோனேன், உள்ளே விடவில்லை.

பார்வையாளர் அறையில் இவர் முதுகைச் சுவருக்குக் கொடுத்து இருந்தார். வீட்டிலும் அப்படித்தான்.

"சாப்பாடு எப்பிடி?"

"பரவாயில்லை. பாண், சீஸ்."

"நித்திரை கொள்ளுறியளோ?"

என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவம் ஜெசி. போய் அம்மாவோட இருப்பம். நான் தொழிலுக்குப் போறன்."

"அவங்கள் வந்தா?"

"வந்தா வரட்டும்."

"லோயர் நல்லாப் பாடுபடுறா. அவவிட்ட எல்லாத்தையும் சொல்லுங்கோவன்."

"சொல்லிப்போட்டன்தானே. எத்தினை தரம் சொல்லுறது?"

சத்தம் போட்டார். காவல்காரன் திரும்பிப் பார்த்தான். உடனே குரலைத் தாழ்த்தி, "மீனை என்ன செய்தனி?" என்று கேட்டார். வாசலில் வைத்திருக்கிறேன் என்றேன். "நீ சாப்பிடு," என்றார்.

இவர் கதைக்காத மனிசன். சில ஆண்கள் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் நல்லாகத்தான் இருக்கிறோம்.

ஒக்ரோபர் 13, வெள்ளி

றெகுலாவும் ஐயாவும் இவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சைகையில்கூடப் பதில் இல்லையாம்.

இன்றைக்கு றெகுலா எனக்குச் சட்டம் சொல்லித் தந்தா. சித்திரவதைக்கு எதிராக உலக நாடுகள் கையெழுத்து வைத்த ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவை அவ வாசிக்க, ஐயா மெதுவாகத் தமிழில் சொன்னார்: ஒருவர் சித்திரவதைக்கு ஆளாவார் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால், அந்த நாட்டுக்கு அவரை எந்த நாடும் அனுப்பவும் கூடாது, திருப்பிவிடவும் கூடாது, ஒப்படைக்கவும் கூடாது.

"கள்ளன் எண்டாலும்?" என்று கேட்டேன்.

"கள்ளன் என்றாலும். கொலைகாரன் என்றாலும். யுத்தம் நடந்தாலும். இதற்கு மட்டும் விதிவிலக்கே இல்லை." றெகுலா மேசையை விரலால் தட்டித் தட்டிச் சொன்னா. செலாம் சொன்ன கோபம் இதுதான் போல.

இந்த நாட்டில் எல்லாக் கதவும் மூடிய பிறகு ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. குழுவுக்கு ஒரு தனி ஆள்கூட முறைப்பாடு எழுதலாமாம். தாங்கள் பார்த்து முடிக்கும்வரை இவரை அனுப்பவேண்டாம் என்று அவர்கள் அரசாங்கத்தைக் கேட்கலாம். ஆனால் வெறுமனே "அடித்தார்கள்" என்று எழுதினால் அசையமாட்டார்கள். டொக்ரர் பார்க்கவேண்டும். அதற்கும் உலகத்துக்குப் பொதுவாக ஒரு நூல் இருக்கிறது. காயத்தை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது என்று டொக்ரர்மாரும் லோயர்மாரும் சேர்ந்து எழுதியதாம்.

ரெயினில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு நூலே எழுதவேண்டியிருந்தது என்றால் எத்தனை பேர்.

ஒக்ரோபர் 16, திங்கள்

உடுப்புத் தோய்க்கும் முறை இன்றைக்கு எங்களுக்கு. இவருடைய சேட்டுகளையும் தோய்த்துப் போட்டேன்.

ஒக்ரோபர் 18, புதன்

டொக்ரர் தடுப்பு நிலையத்துக்குப் போனார். வயதான மனிதர், இந்த வேலைக்கென்றே பயின்றவர் என்று றெகுலா சொன்னா. முதுகையும் உள்ளங்காலையும் காட்டியிருக்கிறார் இவர். கேபிள் வயர் அடி என்று டொக்ரருக்குப் பார்த்தவுடனே தெரிந்ததாம். அதற்கு மேல், காற்சட்டையைக் கழற்றலாமா என்று கேட்க, எழும்பிப் போய் மூலையில் நின்றுவிட்டாராம். டொக்ரர் வற்புறுத்தவில்லை. "இவர் சொல்லாதது இன்னும் இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

"ஜெசிந்தா," என்றா றெகுலா, "நீங்கள் அவரோடு ஏழு வருடம் வாழ்ந்தவர். வேறு ஏதாவது கவனித்திருக்கிறீர்களா?"

"இல்லை," என்றேன்.

ஐயா அதை மொழிபெயர்க்க முதல் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார்.

ஒக்ரோபர் 19, வியாழன்

இன்றைக்குக் கறி அடிப்பிடித்துவிட்டது. செலாம் யன்னலைத் திறந்துவிட்டாள். "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டாள். நான் அங்கேதான், அடுப்புக்கு முன்னால்தான் நின்றேன்.

ஒக்ரோபர் 21, சனி

மாமி எடுத்தா. இந்தமுறை அழவில்லை.

"பிள்ளை, நேத்து ரெண்டு பேர் வந்தவங்கள். மோட்டார் சைக்கிள்ள. உன்ர மகன் வாறானாமே, எண்டைக்கு வாறான் எண்டு கேட்டவங்கள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எனக்குத் தெரியாது எண்டன். ஒருத்தன் சிரிச்சான். 'எங்களுக்குத் தெரியும் அம்மா' எண்டுபோட்டுப் போறான்."

றெகுலாவுக்கு உடனே சொன்னேன். மாமியின் வாக்குமூலத்தையும் பங்குத் தந்தையின் வாக்குமூலத்தையும் எடுக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னா. "ஆனால் ஜெசிந்தா, ஏன் அவரை இவ்வளவு தேடுகிறார்கள் என்பதற்கு, உள்ளே என்ன நடந்தது என்பதுதான் பதில். அவர் உயிரோடு இருக்கிற சாட்சி."

பின்னேரம் மாதா கோயிலுக்குப் போனேன். ஆள் இல்லை. வாங்குப் பலகையில் இருந்து யோசித்தேன். மன்றாடவில்லை, யோசித்தேன். திரும்பி வரும்போது றெகுலாவுக்கு எடுத்து, செவ்வாய்க்கிழமை இவரைப் பார்க்கப் போகும்போது நானும் வருகிறேன், எனக்குச் சொல்ல இருக்கிறது என்றேன்.

ஒக்ரோபர் 24, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மனைவியின் சாட்சியத்தைத் தனியாகத்தான் எடுப்போம் என்று றெகுலா சொன்னா. இல்லை, இவருக்கு முன்னால்தான் சொல்லுவேன் என்றேன். றெகுலா இவரைக் கேட்டா. இவர், "சொல்லட்டும்," என்றார். முதுகுத் தழும்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.

சின்ன அறை. ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். வெளியே காவல்காரன். நான் தொடங்க முதல் பரமலிங்கம் ஐயா சொன்னார்: "பிள்ளை, நீங்கள் சொல்லுறதை நான் 'நான்' எண்டுதான் டொச்சில சொல்லவேணும். அதுதான் எங்கட தொழில் முறை. குறை நினையாதேங்கோ."

"ஓம் ஐயா."

சொன்னேன். இவர் படுத்து நித்திரை கொள்ளுவதில்லை, சுவரில் சாய்ந்து இருந்தபடிதான். பெற்றோல் மணம் பட்டால் ஓங்காளித்துச் சத்தி எடுப்பார். கடையில் தரும் பொலித்தீன் பையை வீட்டுக்குள் எடுக்கவிடமாட்டார். குளிக்கும்போது கதவைப் பூட்டுவார், ஆனால் வெளிச்சத்தைப் போடமாட்டார். றெகுலா எழுதிக்கொண்டே வந்தா. இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னேன்: "நாங்கள் ஏழு வருசமாப் புருசன் பெண்சாதியா இருந்ததில்லை."

ஐயா அதை டொச்சில் சொன்னார். வெள்ளைத் தலைமயிரோடு, கழுத்துப்பட்டியோடு, என்னுடைய வசனத்தை "நாங்கள்" என்று தொடங்கிச் சொன்னார்.

இவர் எழும்பினார். "ஜெசி, வாயை மூடு."

"இருங்கோ."

"உனக்கு விசரே? ஆருக்கு முன்னால என்ன கதைக்கிறாய்?"

"இருங்கோ. நான் என்ர கதையைத்தான் சொல்லுறன். உங்கட கதையைச் சொல்லேல்லை."

அப்படி நான் ஒருநாளும் இவரோடு கதைத்ததில்லை. இவர் திரும்பக் கதிரையில் இருந்தார்.

"கலியாணம் கட்டி முதல் கிழமை. இவர் கிணத்தடியில இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதவர். நான் பின்கதவடியில நிண்டு பாத்தனான். ரெண்டாம் மாசம் இவருக்கு டெங்குக் காய்ச்சல். நினைவில்லை. மாமி சந்தைக்குப் போட்டா. நான்தான் உடம்பு துடைச்சனான். எல்லாத்தையும் கண்டனான். சுட்ட அடையாளங்கள். ஆம்பிளைக்கு எங்க செய்யக்கூடாதோ அங்க செய்திருந்தவங்கள். துடைச்சு, சாரத்தைக் கட்டிவிட்டு, மாமி வாறதுக்குள்ள வெளியில வந்து முற்றம் கூட்டினனான்."

ஐயா முழுவதையும் சொல்லிமுடிக்க நேரம் எடுத்தது. இவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏன் பிள்ளை இல்லை எண்டு சனம் கேக்கத் தொடங்கினது. என்ர வயித்தில கட்டி எண்டு மாமிக்குச் சொன்னனான். ஊருக்கும் சொன்னனான். எனக்கு ஒரு கட்டியும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

அப்போதுதான் இவர் நிமிர்ந்தார். இவருக்கும் நான் அதையே சொல்லியிருந்தேன். தன்னால் முடியாமல் இருப்பது ஒன்று, என்னிடமும் ஒரு குறை இருப்பது இன்னொன்று என்று இவர் ஏழு வருடம் நினைத்திருந்திருக்கிறார். அது இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

"உனக்குத் தெரியுமே?" என்றார். "இவ்வளவு காலமும்?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே என்னோட இருந்தனி?"

"வேற எங்க இருக்கிறது?"

கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்குமாக ஆடினார். றெகுலா பேனையை மூடிவிட்டா. வெளியே காவல்காரன் இருமினான்.

பிறகு இவர் ஐயாவைப் பார்த்து, "நான் சொல்லுறன்," என்றார். "முழுக்கச் சொல்லுறன். இவ வெளியில நிக்கட்டும்."

"நானும் அதைத்தான் கேக்க இருந்தனான்," என்றேன்.

கதவுக்கு வெளியே நடையில் கோப்பி மெசின் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றேன். கண்ணாடிக்குள்ளால் ஐயாவின் முதுகும் இவருடைய கையும்தான் தெரிந்தது. கை அசைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு கதைக்கிற மனிசன் என்று எனக்குத் தெரியாது. இடையில் ஒருமுறை ஐயா வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்களையும் துடைத்தார்.

"ஐயா, உங்களுக்குச் சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை. உங்கட மனுசனுக்குத்தான் தண்ணி வேணுமாம்," என்று சொல்லி, இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே வரும்போது இருட்டிவிட்டிருந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. றெகுலாவும் சொல்லவில்லை. கதவடியில் காவல்காரன் இவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, இவர் திரும்பி என் தலையில் கை வைத்தார். குழந்தைக்கு வைக்கிற மாதிரி.

ஒக்ரோபர் 25, புதன்

முழுநாளும் படுத்திருந்தேன். செலாம் சோறு வைத்துத் தந்தாள்.

ஒக்ரோபர் 27, வெள்ளி

டொக்ரர் திரும்பவும் போனார். இந்தமுறை இவர் காட்டினார்.

மாமியின் வாக்குமூலமும் பங்குத் தந்தையின் வாக்குமூலமும் வந்துவிட்டன. றெகுலா எல்லாவற்றையும் கட்டி ஜெனீவாவுக்கு அனுப்பிவிட்டா, அவசரம் என்று முதல் வரியில் எழுதி. "இனிமேல் என்ன?" என்று கேட்டேன். "இனிமேல் நான் நகத்தைக் கடிப்பேன். நீங்கள் பெட்டியைக் கட்டாதீர்கள்," என்றா.

நவம்பர் 2, வியாழன்

இறந்தவர்களின் நாள். மெழுகுதிரி கொளுத்தினேன். என் தகப்பனுக்கு ஒன்று. இவரோடு அந்த இடத்தில் அடைபட்டுத் திரும்பி வராதவர்களுக்கு ஒன்று. அப்படிச் சிலர் இருந்தார்கள் என்று மட்டும் றெகுலா பிறகு சொன்னா.

ஜெனீவாவில் இருந்து ஒன்றும் இல்லை. றெகுலா கட்டவேண்டாம் என்று சொல்லியும் பெட்டியைக் கட்டினேன். திரும்ப அவிழ்த்தேன். இவருடைய குளிர்ச் சட்டையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னாரில் அதை யார் போடுவது?

நவம்பர் 3, வெள்ளி

மூன்று மணிக்குப் பிறகு ரெலிபோன் வந்தது. பரமலிங்கம் ஐயா. அவர் தானாக எடுத்ததே இல்லை. றெகுலா பக்கத்தில் உரத்துக் கதைப்பது கேட்டது.

"பிள்ளை, வந்திட்டுது. குழு கேட்டிருக்கு. கேஸ் முடியுமட்டும் அனுப்பவேண்டாமெண்டு. இஞ்சத்தை ஆக்களும் விமானத்தை நிப்பாட்டிப்போட்டினம்."

"ரெண்டு பேருக்குமோ?"

"ரெண்டு பேருக்கும்தான். றெகுலா சொல்லுறா, இது இன்னும் வெற்றி இல்லையாம். ஆனா நீங்கள் இண்டைக்கு அழலாமாம்."

அழுகை வரவில்லை. செலாமின் கதவைத் தட்டினேன். அவள்தான் அழுதாள்.

நவம்பர் 8, புதன்

இவர் வந்துவிட்டார். பஸ்ஸில் இருந்து இறங்கும்போது மெலிந்து, கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் நடந்து வந்தோம். சோறும் மீன்குழம்பும். இரண்டாம்தரமும் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டபின், "ஜெசி, உனக்கு முப்பத்துமூண்டு வயசு," என்றார்.

"அதுக்கு?"

"நீ வேற ஒருத்தனைக் கட்டியிருந்தா..."

"கோப்பையைக் கழுவப் போறன். நீங்கள் துடைச்சு வைக்கிறியளோ?"

துடைத்து வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். நான் பக்கத்தில் இருந்தேன். ஏழு வருடத்தில் முதல்தரம் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒன்றை ஒருவருக்கொருவர் மறைக்காமல் ஒரு அறையில் இருக்கிறோம்.

மார்ச் 5, செவ்வாய்

கன நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. இவர் ஒவ்வொரு வியாழனும் ஒரு மனநல டொக்ரரிடம் போகிறார். போய்வந்தால் இரண்டு நாள் கதைக்கமாட்டார். மூன்றாம் நாள் கதைப்பார்.

குடியேற்ற அலுவலகம் கேஸைத் திரும்பத் திறந்துவிட்டது. இன்றைக்குப் புது விசாரணை. கேட்டவரும் ஆண், மொழிபெயர்த்தவரும் ஆண். றெகுலா அப்படித்தான் வேண்டும் என்று எழுதிக் கேட்டவ. காலையில் போனவர் பின்னேரம்தான் வெளியே வந்தார். கடைசியில், இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்களாம். "இருக்கு எண்டு சொல்லி இன்னும் ஒரு மணித்தியாலம் சொன்னனான்," என்றார்.

யூன் 11, செவ்வாய்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அகதி என்று. இரண்டு பேரையும். றெகுலா கடிதத்தை வாசிக்க, ஐயா எழும்பி நின்று மொழிபெயர்த்தார். ஜெனீவாவில் உள்ள கேஸ் இனித் தேவையில்லை, அதை மூடிவிடலாமாம்.

இவர் கடிதத்தை வாங்கி மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். றெகுலா இன்னொன்றும் சொன்னா. அதே உடன்படிக்கையில் வேறு பிரிவுகளும் இருக்கின்றன. வதை செய்தவன் கையெழுத்திட்ட எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாடு அவனைப் பிடித்து விசாரிக்கவேண்டும், அல்லது விசாரிக்கிற நாட்டுக்குக் கொடுக்கவேண்டும். அதற்காகப் பெயர்களைச் சேர்த்து வைக்கும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். "ஒன்றும் நடக்காமல் போகலாம். அவன் தன் ஊரைவிட்டு வெளிக்கிடாமலே இருக்கலாம். உங்கள் அம்மா அங்கே இருக்கிறா. யோசித்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் சரிதான்."

"நான் பேர் சொல்லேல்லைத்தானே," என்றார் இவர். "எல்லாம் சொன்னன். பேர் மட்டும் சொல்லேல்லை."

யூன் 16, ஞாயிறு

இவர் தாயோடு கதைத்தார். ரெலிபோனை மேசையில் வைத்து, நானும் கேட்கும்படி. என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு முன்பே சொல்லவில்லை.

"அம்மா, ஜெசிந்தாவுக்கு வயித்தில ஒண்டுமில்லை. குறை அவவில இல்லை. என்னை உள்ளுக்க வைச்சிருந்தவங்கள் செய்தது. இவ என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னவ."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டதால்தான் மாமி இருக்கிறா என்று தெரிந்தது.

"பிள்ளை நிக்கிறாவே?"

"நிக்கிறன் மாமி."

"நான் உன்னை என்னவெல்லாம் கேட்டனான்," என்றா. பிறகு மகனிடம், "அவன்ர பேர் தெரியுமே உனக்கு?" என்று கேட்டா.

"தெரியும்."

"அப்ப சொல்லு."

"அம்மா, நீங்கள் அங்க தனிய..."

"எனக்கு எழுபத்திரண்டு வயசு. தங்கச்சி வீட்ட போய் இருக்கிறன். என்னைச் சாட்டி நீ வாயை மூடாதை. சொல்லு."

யூன் 27, வியாழன்

மாமி போன கிழமையே தங்கச்சியின் வீட்டுக்குப் போய்விட்டா, கோழியையும் கூட்டோடு கொண்டு.

இன்றைக்கு றெகுலாவின் ஒபிஸ். புதிதாக ஒரு சட்டத்தரணி வந்திருந்தார், இந்தப் பெயர்களைச் சேர்ப்பவர். பரமலிங்கம் ஐயா நடுவில். நான் வெளியே நிற்கவா என்று கண்ணால் கேட்டேன். இவர் பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

பெயரைச் சொன்னார். முழுப் பெயர், பதவி, எந்த முகாம், இடது கன்னத்தில் ஒரு மச்சம் என்பது வரைக்கும். சட்டத்தரணி எழுத்துக்கூட்டச் சொன்னார். ஐயா சொல்ல வாயெடுத்தார், இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பேனையை வாங்கித் தன் கையாலேயே ஆங்கில எழுத்தில் எழுதினார். பெரிய எழுத்தாக. எழுதி முடித்து ஒருதரம் வாசித்துப் பார்த்து, ஒரு எழுத்தைத் திருத்தினார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

படியால் இறங்கி வெளியே வந்ததும், பசிக்குது என்றார்.